இரு ஆட்டங்களின் நாயகர் எம். ஜே. கோபாலன்

(பத்தாம் வகுப்பு மாணவி)

திருவல்லிக்கேணி என்றவுடன் பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலும், மகாகவி பாரதியார் வாழ்ந்த இல்லமும், கணித மேதை இராமானுஜன் குடியிருந்த தெருக்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே பேட்டையில் வளர்ந்து, கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டு ஆட்டங்களிலும் பாரத நாட்டின் சார்பில் களமிறங்கிய ஒருவரும் வாழ்ந்தார். அவரே எம். ஜே. கோபாலன். ஆட்டம் பார்த்து வளர்ந்த தாத்தாக்கள் அவர் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். நம் வயதுப் பெண்களுக்கோ, அவர் நாம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டபடியால், அந்தப் பெயர் அவ்வளவாகப் பரிச்சயமில்லை. ஆகவே, அன்புத் தோழியரே, அவரைப் பற்றி எழுத விரும்பினேன்.

மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்பது அவரது முழுப்பெயர். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்ற சிற்றூரில் 1909ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார் என்று ஏடுகள் கூறுகின்றன. அதற்கும் மூன்றாண்டுகள் முன்பே பிறந்திருக்கக்கூடும் என்று கருதுவோரும் உண்டு. கோபாலன் சிறுவராக இருக்கும்போதே குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்து சேப்பாக்கம் மைதானம் ஏறத்தாழ ஒரு மைல் தூரம். சிறுவன் ஒருவன் நடந்தே போய் வேலி ஓரம் நின்று ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பக்கூடிய தூரம்தான். அந்த ஒரு மைலே அவருடைய வாழ்வைத் தீர்மானித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் சேப்பாக்கத்துக்கு வெளியே நிற்பது வேறு, உள்ளே நுழைவது வேறு. 1846இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையருக்கே உரியது. அந்தக் கிளப்பின் மைதானத்தில் ஆட வந்த இந்தியர்கள்கூட அங்கிருந்த கட்டடத்துக்குள் அமர முடியாது. மரத்தடியில் உடை மாற்றி, மரத்தடியிலேயே உண்ண வேண்டும். இந்த அவமதிப்பைப் பொறுக்காதவர் நம் மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த செல்வந்தர் புச்சி பாபு நாயுடு. அவர் 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்ற சங்கத்தை நிறுவி, இளைஞர்களுக்கு ஆட்டம் பழக்கினார். வெள்ளையரையும் இந்தியரையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு பந்தயம் நடத்த வேண்டுமென்று பாடுபட்டு, அதற்கு அவர்களை இணங்கவும் வைத்தார். 1908 டிசம்பரில் அது நடைபெற இருந்த நேரத்தில், பந்தயத்தைக் காணாமலே அவர் உயிர் நீத்தார். பிற்காலத்தில் அந்த மாகாணப் பந்தயம் பொங்கல் விழாவின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. கரும்பும் மஞ்சளும் வாங்கியதுபோலவே சேப்பாக்கத்துக்கு டிக்கெட்டும் வாங்கினார்கள். புச்சி பாபு திறந்துவைத்த அந்தக் கதவின் வழியாகத்தான் கோபாலனும் உள்ளே நுழைந்தார்.

அவரைக் கண்டெடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். சி. பி. ஜான்ஸ்டன் என்பது அவர் பெயர். சென்னையில் கிரிக்கெட்டை வளர்த்தவர்களின் வரிசையில் அவருக்கு முக்கிய இடமுண்டு. கோபாலனின் பந்து வீச்சைக் கண்ட ஜான்ஸ்டன், அவருக்கு பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் ஒரு வேலையும், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஓர் இடமும் கிடைக்கச் செய்தார். இதில் வேலை என்பதைச் சிறிய விஷயமாக நினைத்துவிடக் கூடாது. இன்று ஒரு மாலைப்பொழுது நடக்கும் ஏலத்தில் ஓர் இளைஞருக்குக் கோடிக் கணக்கில் விலை பேசுகிறார்கள். அந்நாளில் நம் நாட்டில் ஆட்டத்தை நம்பி அடுப்பு எரியாது. மகாராஜாக்களின் ஆதரவில் வாழ்ந்தவர்கள் சிலர். அமர் சிங்கைப்போல் இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் போய், அங்குள்ள கோல்ன் என்ற ஊரின் கிளப்புக்காகச் சம்பளத்துக்கு ஆடியவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு ஓர் அலுவலக நாற்காலியே கதி. கோபாலனுக்கு மாதச் சம்பளம் தந்தது எண்ணெய்க் கம்பெனி. ஆட்டம் அவருக்குத் தந்தது பெயர் மட்டுமே.

ஒரு தேர்வு ஆட்டத்தில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தியதால், 1920களின் பிற்பகுதியில் மாகாணப் பந்தயத்தில் இந்தியர் அணிக்கு ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மிதவேகப் பந்து வீச்சாளர்களில் சற்றே விரைவானவர் அவர். பந்தின் நடுவே ஓடும் தையலை விரல்களுக்கு இடையே பிடித்து, காற்றிலே வளையவும் தரையில் பட்டபின் திசை மாறவும் செய்வார். காலை நோக்கி வந்து, தரையில் பட்டு மறுபுறம் விலகும் பந்துக்கு லெக் கட்டர் என்று பெயர். கிரிக்கெட் புரியாத தோழியருக்காகச் சொல்கிறேன்: அந்தப் பந்து மட்டையை ஏமாற்றிவிட்டு குச்சியைத் தேடிப் போகும். 1930இல் விஜயநகரம் இளவரசரான விஜ்ஜியின் அணி நாடெங்கும் சுற்றி ஆடியபோது, அதில் உலகப் புகழ் பெற்ற ஜாக் ஹாப்ஸும் இருந்தார். முதல்தர ஆட்டங்களில் 190க்கும் மேற்பட்ட சதங்களை அடித்த அந்த மாமனிதரை, கோபாலன் இப்படிப்பட்ட ஒரு பந்தினால்தான் வீழ்த்தினார். ஹாப்ஸுக்கு அப்போது 48 வயது நெருங்கிவிட்டது என்பது உண்மையே. ஆனாலும் ஹாப்ஸ் ஹாப்ஸ்தான் அல்லவா!

திருவல்லிக்கேணி கிளப்புக்கும் மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்புக்கும் இடையே நடந்த ஆட்டங்களை, ஆங்கில நாட்டு வரலாற்றை நினைவூட்டி, ரோஜாக்களின் போர் என்றே அழைத்தார்கள். நம் மயிலாப்பூர் தோழியர் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபாலன் எதிர்க்கட்சிக்காரர்!

1932-33இல் ஆஸ்திரேலியாவில் உடலைக் குறிவைத்துப் பந்து வீசச் செய்து பெரும் கலவரத்தை உண்டாக்கிய டக்ளஸ் ஜார்டின், அடுத்த ஆண்டு இங்கிலாந்து அணியுடன் இந்தியாவுக்கு வந்தார். இந்திய மண்ணில் டெஸ்ட் பந்தயங்கள் நடப்பது அதுவே முதல் தடவை. பம்பாயில் ஒன்று முடிந்து, 1934 ஜனவரி 5ஆம் நாள் கல்கத்தாவில் இரண்டாவது பந்தயம் தொடங்கியது. சி. கே. நாயுடு தலைமையில் ஆடிய அந்த அணியில் கோபாலனுக்கும் இடம் கிடைத்தது. முதல் தடவை ஆட்டமிழக்காமல் 11 ரன், மறு தடவை 7 ரன், பந்து வீச்சில் 39 ரன்னுக்கு ஒரு விக்கெட். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாவது டெஸ்ட் பிப்ரவரியில் நம் சேப்பாக்கத்திலேயே நடந்தபோது அவர் அணியில் இல்லை. சென்னை நகரம் கண்ட முதல் டெஸ்ட் அது. அமர் சிங் ஒரே இன்னிங்சில் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இங்கிலாந்தே வென்றது. வீட்டிலிருந்து ஒரு மைலில் நடந்த அந்தப் பந்தயத்தின்போது கோபாலனின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதே ஆண்டிலேயே சேப்பாக்கம் அவருக்கு வேறொரு பரிசைத் தந்தது. மாகாணங்களும் சமஸ்தானங்களும் தமக்குள் மோதிக்கொள்ளும் ஒரு தேசியப் போட்டி அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டது. இளவரசர் ரஞ்சித்சிங்ஜியின் பெயரால் அமைந்த ரஞ்சிக் கோப்பைதான் அது. 1934 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. சென்னையும் மைசூரும் சேப்பாக்கத்தில் சந்தித்தன. மைசூரின் என். கர்ட்டிஸ் மட்டையுடன் எதிரே நிற்க, கோபாலன் ஓடிவந்து வீசினார். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்து அது. அந்த ஆட்டம் இன்னொரு வகையிலும் வேடிக்கையானது. மைசூர் முதலில் 48 ரன்னுக்கும் பிறகு 59 ரன்னுக்கும் சுருண்டது. இடையே சென்னை எடுத்தது 130. ராம் சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோயிற்று. மறுநாளுக்கு டிக்கெட் வாங்கியிருந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இதுவரை அவருடைய பாதி வாழ்க்கையைத்தான் சொன்னேன். கிரிக்கெட் மட்டையைக் கீழே வைத்தால் ஹாக்கி மட்டையைக் கையில் எடுப்பவர் அவர். அக்கால ஹாக்கியில் முன்னணியில் ஐவர், அவர்களுக்குப் பின்னே மூவர், அதற்கும் பின்னே காப்பாளர் இருவர், கடைசியாகக் கோல் காவலர் என்று அணிவகுத்து நிற்பார்கள். நடுவரிசை மூவரில் நட்ட நடுவே நிற்பவர் சென்டர் ஹாஃப். எதிரி முன்னேறினால் ஓடிவந்து தடுக்க வேண்டும். பந்து கிடைத்தால் முன்னணிக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு நிற்காமல் பின்னாலேயே ஓட வேண்டும். கோல் போட்டவரின் பெயர் பத்திரிகையில் வரும். ஓடியவரின் பெயர் வராது. கோபாலன் ஆடியது இந்த இடத்தில்தான். வெயிலில் நாள் முழுவதும் பந்து வீசுவதும் அப்படிப்பட்ட உழைப்பே. இரண்டு ஆட்டங்களிலும் சுமை தூக்கும் இடத்தையே அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போது எங்கள் எறிபந்து அணியில் பின்வரிசையில் நிற்கும் என் தோழியை நினைத்துக்கொள்கிறேன்.

1935ஆம் ஆண்டு இந்திய ஹாக்கி அணி இலங்கை வழியாக நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றது. தலைவர், ஹாக்கியின் மாயாவி என்று உலகம் போற்றிய தியான் சந்த். அவருடைய தம்பி ரூப் சிங்கும் உடன் ஆடினார். அந்தப் பயணத்தில் 48 ஆட்டங்கள்! அணி அடித்த கோல்கள் ஐந்நூறுக்கும் மேல். அந்த அணியில் திருவல்லிக்கேணிக் கோபாலனும் ஒருவர். கிரிக்கெட்டில் டெஸ்ட், ஹாக்கியில் இந்திய அணி என இரண்டிலும் நாட்டின் பெயரால் ஆடும் பெருமை இவ்வாறு அவருக்குக் கிட்டியது.

மறு ஆண்டு வந்தது. 1936.

அந்தக் கோடையில் இந்தியாவிலிருந்து இரண்டு அணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேற இருந்தன. ஒன்று இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் அணி. மற்றொன்று பெர்லின் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் செல்லும் ஹாக்கி அணி. கோபாலனுக்கோ இரண்டு வாயில்களும் திறந்திருந்தன. கிரிக்கெட் பயணம் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நீளும். ஒலிம்பிக் நடப்பதோ ஆகஸ்டில். ஒருவர் இரண்டிலும் இருக்க வழியில்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இந்திய ஹாக்கி அணி தங்கப் பதக்கம் வென்றிருந்தது. மூன்றாவது முறையும் வெல்லும் என்றே பலர் எதிர்பார்த்தனர். கிரிக்கெட்டிலோ இந்தியா அதுவரை ஒரு டெஸ்டைக்கூட வென்றதில்லை. ஆனாலும் இங்கிலாந்து சென்று, லார்ட்ஸ் மைதானத்தில் ஆடுவது என்பது அந்நாளில் எந்தக் கிரிக்கெட் ஆட்டக்காரருக்கும் பெருங்கனவு. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் பயணம் தொடக்கம் முதலே சரியாக அமையவில்லை. தலைவர் பதவி விஜ்ஜிக்குக் கிடைத்திருந்தது. முன்பு ஹாப்ஸைத் தன் அணியில் ஆடவைத்தாரே, அதே விஜ்ஜிதான். செல்வமும் செல்வாக்கும் அவருக்கு இருந்த அளவுக்கு ஆட்டத் திறமை இருக்கவில்லை. அணிக்குள் பிரிவுகள் மூண்டன. நன்றாக ஆடிக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கு தவறினார் என்று சொல்லிப் பாதியிலேயே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேகப்பந்து வீசுவதற்கு முகமது நிசார், அமர் சிங், ஜஹாங்கீர் கான் என மூவர் இருந்தார்கள். நான்காமவராகக் கோபாலனுக்கு இடம் கிடைக்கவே இல்லை. லார்ட்ஸில் ஒன்று, மான்செஸ்டரில் ஒன்று, ஓவலில் ஒன்று என மூன்று டெஸ்டுகள் நடந்தன. மூன்றிலும் அவர் பெயர் இல்லை. அதே கப்பலில் சென்ற இன்னொரு சென்னைக்காரருக்கு மட்டும் நல்ல காலம். புச்சி பாபுவின் மகனும், 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் ஆடியவருமான சி. ராமஸ்வாமி, தம் 40ஆவது வயதில் இரண்டு டெஸ்டுகளில் ஆடி, மான்செஸ்டரில் 40 ரன்னும் 60 ரன்னும் எடுத்துப் புகழ் பெற்றார்.

இப்போது சொல்லப்போகும் தேதியைச் சற்றுக் கவனியுங்கள். 1936 ஆகஸ்டு 15, சனிக்கிழமை. லண்டனில் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கிய நாள். அன்றே பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கியின் இறுதி ஆட்டம். முதல் நாளே நடக்க வேண்டிய அந்த ஆட்டம் மழையால் தள்ளிப்போயிருந்தது. தியான் சந்தின் அணி ஜெர்மனியை 8க்கு 1 என்ற கோல் கணக்கில் வென்று தங்கம் பெற்றது. ஓராண்டுக்கு முன் நியூசிலாந்தில் தன்னோடு தோளோடு தோள் நின்று ஓடியவர்களுக்குப் பெர்லினில் பதக்கம் கிடைக்கிறது. கோபாலனோ லண்டனில், ஆடும் பதினொருவரில் ஒருவராகக்கூட இல்லாமல் இருக்கிறார். கிரிக்கெட் அணி தொடரை 2க்கு 0 என்று இழந்து திரும்பியது. இந்த இடத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அவர் தவறாகத் தேர்ந்தெடுத்தார் என்று பெரும்பாலோர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். நான் அதை ஒப்பவில்லை. ஆகஸ்டில் நடந்ததை வைத்துக்கொண்டு மார்ச்சில் இருந்தவரைக் குறை சொல்வது எப்படி நியாயமாகும்? பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவை எடுப்பது, கணிதமா, உயிரியலா, வணிகவியலா என்று நாங்கள் எல்லோரும் இப்போது தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம். பெற்றோரும் சிஸ்டர்களும் நல்ல யோசனைதான் சொல்கிறார்கள். ஆனாலும் நாளை எந்த வாயிலுக்குப் பின்னே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது. கோபாலன் கிடைத்தற்கரிய ஒன்றைக் கைவிட்டு, கிடைக்காமலே போன ஒன்றைத் தேடிச் சென்றார். அது இழப்புதான், இழப்பில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் இழப்பு வேறு, தவறு வேறு.

அதைவிட எனக்கு வியப்பளிப்பது அவர் பிறகு செய்தது. ஊர் திரும்பியபின் அவர் மனமுடைந்து மட்டையை மூலையில் போடவில்லை. சென்னை அணிக்காக அவர் மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆடினார். அணித் தலைவராகவும் இருந்தார். உலகப் போர் வந்து டெஸ்ட் பந்தயங்கள் எல்லாம் நின்றுபோன ஆண்டுகளிலும் ரஞ்சிப் போட்டி தொடர்ந்து நடந்தது. அவரும் தொடர்ந்து ஆடினார். வயது ஏற ஏற பந்தின் வேகம் குறைந்தது. மட்டை பிடிப்பதில் கை தேர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றபோது, முதல்தர ஆட்டங்களில் 3,000 ரன்களை நெருங்கியிருந்தார். வீழ்த்திய விக்கெட்டுகள் 200ஐ நெருங்கியிருந்தன. ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர் என்ற குறிப்பை மட்டும் படிப்பவர்கள் இந்த எண்களைப் பார்ப்பதில்லை.

அவருடைய ஆட்டத்தின் வெள்ளி விழாவை ஒட்டி, 1952-53ஆம் ஆண்டில் எம். ஜே. கோபாலன் கோப்பை என்ற பந்தயம் தொடங்கப்பட்டது. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே நடந்த பந்தயம் அது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏற்கெனவே கிரிக்கெட் உறவு இருந்துவந்தது. 1947இல் இலங்கைத் தமிழரான மகாதேவ சதாசிவம் சேப்பாக்கத்தில் 215 ரன்கள் அடித்ததைச் சென்னை ரசிகர்கள் வெகுகாலம் பேசினார்கள். ஆனால் இலங்கைக்கு அப்போது டெஸ்ட் தகுதி கிடையாது. பெரிய நாடுகளின் அணிகள் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கி ஒரு நாள் ஆடிவிட்டுப் போகும், அவ்வளவே. அப்படிப்பட்ட காலத்தில், தொடர்ந்து ஒரு முதல்தர அணியுடன், சென்னையிலும் கொழும்பிலும் மோதிப் பார்க்க இலங்கை வாலிபர்களுக்குக் கோபாலன் கோப்பை இடமளித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது நடந்தது. 1981இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தபின் அதன் தேவை குறைந்து, அது நின்றுபோனது. உயிரோடு இருக்கும்போதே, ஆடிமுடித்த கையோடு, ஒருவர் பெயரால் இரண்டு நாட்டார் ஆடும் கோப்பை ஏற்பட்டது என்றால், அவரிடம் மக்கள் கொண்டிருந்த மதிப்பை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1952 பிப்ரவரியில், அவர் வளர்ந்த அதே சேப்பாக்கத்தில், இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இங்கிலாந்தைத்தான் வென்றது. வினூ மன்கட் 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1950களில் கோபாலன் இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணியாற்றினார். அணியில் இடம் கிடைக்காமல் நிற்பது எப்படியிருக்கும் என்று நன்கு அறிந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்தது எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது.

சேப்பாக்கம் இன்று அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. 2024இல் இந்தியப் பெண்கள் அணி அங்கே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 603 ரன்கள் குவித்தது. ஷஃபாலி வர்மா 205 ரன் எடுத்தார். எங்கள் வகுப்பில் அன்று பேச்செல்லாம் அதுதான்! வெள்ளையர் கட்டடத்துக்குள் இந்தியர் நுழைய முடியாதிருந்த ஒரு மைதானம் அது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

1996இல் இலங்கை உலகக் கோப்பையை வென்றபோது கோபாலனுக்கு வயது 86. அதன்பின்னும் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2003 டிசம்பர் 21 அன்று சென்னையிலேயே காலமானார். அன்று உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்கள் அனைவரிலும் வயதில் மூத்தவர் அவரே.